கழுகுமலையில் என்ன இருக்கிறது?

கேள்வி: சிற்றூர்களைப் பற்றி மாதந்தோறும் நீங்கள் வெளியிடும் கட்டுரையை நம்பிச் சித்திரை விடுமுறையில் குடும்பத்துடன் கழுகுமலைக்குப் போனோம். ‘தென்னாட்டு எல்லோரா’ என்றார்கள். பதினோரு மணிக்கு ஏறிப் பார்த்தால் பாதியில் நின்ற ஒரு கோயில், பாறையில் வரிசையாகச் சமணச் சிலைகள். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வசதியாகத் தங்க ஒரு ஹோட்டல்கூடக் கண்ணில் படவில்லை. இப்படிப்பட்ட ஊர்களை எழுதி ஏன் ஆசை காட்டுகிறீர்கள்?
— வாசகர் ஒருவர், திருப்பூர்

பதில்: சித்திரை வெயிலில், பதினோரு மணிக்கு, வெறும் பாறையில் நீங்கள் ஒரு மணி நேரம் நின்றதே பெரிது. நானாக இருந்தால் அரை மணியில் இறங்கியிருப்பேன். ஆனால் அந்தக் குற்றத்தை ஊரின் தலையில் கட்டாதீர்கள்.

‘தென்னாட்டு எல்லோரா’ என்ற பட்டம் நாங்கள் கொடுத்தது அல்ல. அது அந்த ஊருக்கு நன்மை செய்ததாகவும் தெரியவில்லை. மகாராஷ்டிரத்தில் மலையைக் குடைந்த பெரிய கோயில்கள் நிறைந்த எல்லோராவை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர் கழுகுமலையில் அளவைத்தான் பார்ப்பார்; ஏமாந்து திரும்புவார். நீங்கள் பார்த்த அந்தப் பாதிக் கோயிலுக்கு வெட்டுவான் கோயில் என்று பெயர். அதன் சிறப்பே நீங்கள் குறையாகச் சொல்வதில்தான் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை ஏறக்குறைய 7.5 மீட்டர் ஆழத்துக்குச் சுற்றிலும் வெட்டி, நடுவில் ஒரு பாறையைத் தனியாக நிறுத்தி, சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி வரை நுணுக்கமாக முடிந்திருக்கிறது. கீழே வர வர உளி நின்றுவிட்டது. முடிந்த கோயிலில் வேலையின் தடம் மறைந்துபோகும். இங்கே எங்கே தொடங்கினார்கள், எந்த இடத்தில் கைவிட்டார்கள் என்பது வரை கண்ணால் பார்க்கலாம். ஏன் நின்றது என்பதற்கு, அப்பன் சிற்பி மகன் சிற்பியைக் கொன்ற கதையை ஊரில் சொல்வார்கள். நம்ப வேண்டாம், கேட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து, ‘வரிசையாகச் சமணச் சிலைகள்’ என்று நாலு வார்த்தைகூட இல்லாமல் நீங்கள் முடித்துவிட்ட பாறை. பார்சுவநாதர், கொடி படர்ந்த பாகுபலி, சிங்கத்தோடு நிற்கும் அம்பிகை எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். அதைவிட முக்கியம், உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில், அதாவது பழைய தமிழ் எழுத்து முறையில், வெட்டியிருப்பது. யார் செய்வித்தது, எந்த ஊர் என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயரும் அதில் உண்டு. திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால் மலை; குரத்திகள் என்றால் சமண ஆசிரியைகள். வண்டி ஏறாத துறவியர் அவர்கள். அத்தனை தொலைவிலிருந்து ஒரு மலையைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றால், காரில் வந்த நாம் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். காலையிலோ மாலையிலோ போங்கள். சாய்ந்த வெயிலில்தான் பாறை எழுத்து தெளிவாகப் புலப்படும்.

அடிவாரத்துக் குடைவரைக் கோயிலில் இருக்கும் கழுகாசலமூர்த்தியைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடியது இந்த முருகன்மேல்தான். அவரைத் தாண்டித்தானே மலைக்குப் போனீர்கள்?

ஹோட்டல் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. சுமார் 20 கிலோமீட்டரில் கோவில்பட்டி இருக்கிறது. மதுரை–திருநெல்வேலி ரயில் பாதையில் உள்ள ஊர், விடுதிகள் உண்டு, இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் பஸ் பிடிக்கலாம். திரும்பும்போது கடலைமிட்டாய் வாங்கிக்கொள்ளலாம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, பிள்ளைகளாவது எங்களைத் திட்டமாட்டார்கள்.

கட்டுரைகளை நிறுத்துவதாக இல்லை. அடுத்த மாதம் அதே வட்டாரத்தில் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, 1835இல் அங்கே மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் நினைவிடம் மூன்றும் அந்தச் சின்ன ஊருக்குள்ளேயே இருக்கின்றன. மூன்றையும் முக்கால் மணியில் பார்த்துவிட முடியும் என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கோடு போவதானால் தயவுசெய்து போக வேண்டாம்; பெட்ரோலாவது மிஞ்சும்.