பழைய 720பி செட்-டாப் பாக்ஸ்களை மாற்றாமல், எஸ்.வி.சி. (ஒரே வீடியோவை அடுக்கடுக்காகச் சுருக்கி அனுப்பும்) முறையில் 1080பி ஒளிபரப்ப முடியுமா?

முடியும். 2007இல் எச்.264 என்ற வீடியோச் சுருக்கத் தரத்தில் சேர்க்கப்பட்ட எஸ்.வி.சி. இதற்குத்தான் பொருத்தமானது. கீழடுக்கில் 720பி படம் சாதாரண எச்.264 ஆகவே போகும். பழைய பெட்டி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலடுக்கில் 1080பிக்குத் தேவையான மிச்ச விவரம் இருக்கும். புதிய பெட்டி இரண்டையும் சேர்த்து விரிக்கும்.

உதாரணத்துக்கு நொடிக்கு 720பிக்கு 8 மெகாபிட், 1080பிக்கு 12 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக அனுப்பினால் 20. என்கோடரை (வீடியோவைச் சுருக்கும் கருவியை) மிக நன்றாகச் சீர்செய்தால் எஸ்.வி.சி.யில் 12க்கு மேல் 10 சதவீதம், அதாவது 13.2 அளவில் முடிக்கலாம். சீர்செய்யாவிட்டால் அதைவிடக் கூடும்.

முதலில் சறுக்கும் இடம் 1080 என்ற எண்தான். எச்.264 படத்தை 16 வரி உயரமுள்ள பிளாக்குகளாகப் பிரிக்கும், 1080 16ஆல் வகுபடாது. அதனால் என்கோடர் 1088 வரிகளாக்கி, கடைசி 8 வரிகளை வெட்டச் சொல்கிறது. 720ஐ 1.5 மடங்காக்கினால் கிடைப்பது 1080, 1088 அல்ல. மேலடுக்கின் ஆஃப்செட் மதிப்புகளில் (கீழடுக்குப் படம் எங்கே பொருந்தும் என்று காட்டும் எண்களில்) இதைச் சொல்லாவிட்டால் கீழடுக்குப் படம் செங்குத்தாக இழுபட்டுப் பொருந்தும். படம் கெடாது, ஆனால் கீழடுக்கிலிருந்து மேலடுக்கைக் கணிப்பது பிசகி, பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் பிட்டுகள்) எகிறும். அதனால்தான் இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது கடினம். 720பிக்குச் சுருக்கும் ஃபில்டரின் ஃபேஸ் (புள்ளிகள் விழும் இடம்) தவறினாலும் இதே நோய்தான்.

அதே படத்தை மட்டும் கொண்டு சுருக்கிய இன்ட்ரா பிளாக்குகள், வேறு படங்களைச் சார்ந்த பிளாக்குகளிலிருந்து எதையும் எடுக்காதபடி, கீழடுக்கில் கன்ஸ்ட்ரெய்ண்ட் இன்ட்ரா பிரெடிக்‌ஷனை ஆன் செய்யுங்கள். புதிய பெட்டி கீழடுக்கை முழுதாக டிகோட் செய்யாமல், அதன் இன்ட்ரா பிளாக்குகளை மட்டும் விரித்துப் பயன்படுத்த இது அவசியம். இரண்டு அடுக்குகளின் ஐ-பிரேம்களும் (முந்தைய படங்களின் உதவியின்றி விரிக்கக்கூடிய முழுப் படங்களும்) ஒரே இடத்தில் விழ வேண்டும். இல்லையென்றால் சேனல் மாற்றும்போது மேலடுக்கு தாமதமாகத்தான் சேரும்.

மல்டிபிளெக்ஸில் (பல ஸ்ட்ரீம்களை ஒன்றாகக் கட்டும் இடத்தில்) இரண்டுக்கும் தனித்தனி பி.ஐ.டி. (ஸ்ட்ரீமின் அடையாள எண்) கொடுங்கள். சேனலில் உள்ள ஸ்ட்ரீம்களின் பட்டியலான பி.எம்.டி.யில் கீழடுக்கின் ஸ்ட்ரீம் டைப் 27, மேலடுக்கினது 31. எது எதைச் சார்ந்தது என்பதை அங்குள்ள ஹையரார்க்கி டிஸ்க்ரிப்டர் என்ற குறிப்பு சொல்லும். 31ஐ அறியாத பழைய பெட்டி அதைத் தொடாது. ஒரே பி.ஐ.டி.யில் போட்டால் மேலடுக்குக்கான 14, 20ஆம் வகை நால் யூனிட்டுகளை (எச்.264 தரவுப் பொட்டலங்களை) பழைய டிகோடர் ஒதுக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் ஒதுக்கப்போகும் பிட்டுகளும் அதன் பஃபருக்குள்தான் (தற்காலிக நினைவகத்தில்தான்) வந்து விழும், சிறிய பஃபர் நிரம்பி வழியும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் கருத்து: சாட்டிலைட், கேபிளுக்கு இதை இன்று பரிந்துரைக்க மாட்டேன். எச்.264க்கு அடுத்த தலைமுறையாக 2013இல் வந்த எச்.இ.வி.சி., அதே தரத்தை எச்.264இன் ஏறக்குறையப் பாதி பிட்ரேட்டில் தருகிறது. புதிய பெட்டி கொடுத்தே ஆகவேண்டும் என்றால் எச்.இ.வி.சி. பெட்டியாகவே கொடுத்துவிடலாம்.

அடுக்கு முறை உண்மையில் பலன் தருவது ஆன்டெனா வழி ஒளிபரப்பில். கீழடுக்கை, பலவீனமான சிக்னலிலும் தாக்குப்பிடிக்கும் கியூ.பி.எஸ்.கே. என்ற பண்பேற்ற முறையில் அனுப்பினால் வீட்டுக்குள்ளும் ஓடும் வண்டியிலும் படம் நிற்கும். மேலடுக்கை, அதிகத் தரவு ஏற்றும் ஆனால் நல்ல சிக்னல் தேவைப்படும் 256 கியூ.ஏ.எம்.மில் ஏற்றலாம். ஐரோப்பிய ஆன்டெனா ஒளிபரப்புத் தரமான டி.வி.பி.-டி2வில் இங்கே ஒரு முட்டுக்கட்டை. ஒரே அலைவரிசைக்குள் தனித்தனிப் பண்பேற்றத்தில் ஓடும் தரவுப் பாதைகளுக்கு பி.எல்.பி. என்று பெயர், இரண்டு அடுக்குக்கும் இரண்டு வேண்டும்: ஒரு டேட்டா பி.எல்.பி.யையும் பொது பி.எல்.பி.யையும் சேர்த்துப் பிரித்தால் போதும் என்பதே ரிசீவருக்கான விதி, இரண்டு டேட்டா பி.எல்.பி. கட்டாயமில்லை. அமெரிக்காவின் ஆன்டெனா ஒளிபரப்புத் தரமான ஏ.டி.எஸ்.சி. 3.0வில் ஒரே சேவைக்கு 4 பி.எல்.பி. வரை சேர்த்து எடுக்கலாம். அங்கே எச்.இ.வி.சி.யின் அடுக்கு வடிவமான எஸ்.எச்.வி.சி.யும் தரத்திலேயே உண்டு. அதில் விரித்த கீழடுக்குப் படம் ரெஃபரன்ஸ் பட்டியலில் (கணிப்புக்குப் பார்க்கும் படங்களின் பட்டியலில்) இன்னொரு படமாகச் சேர்ந்துவிடுவதால் பிளாக் அளவிலான டிகோடர் வேலை மாறாது. தரத்தில் இருப்பதெல்லாம் டிவியின் சிப்பில் இருக்காது. டெண்டருக்கு முன் சிப்பின் ப்ரொஃபைல் பட்டியலில் (அது விரிக்கக்கூடிய வீடியோ வகைகளின் பட்டியலில்), எஸ்.எச்.வி.சி.க்கான ‘ஸ்கேலபிள் மெயின் 10’ இருக்கிறதா என்று பாருங்கள்.