தோண்டியும் மூடிக்கொள்ளும் முகத்துவாரம்

கேள்வி: பழவேற்காடு ஏரி முகத்துவாரத்தை எத்தனை முறை தோண்டிவிட்டாலும் மணல் வந்து அடைத்துக்கொள்கிறது, படகு தரைதட்டுகிறது. கம்ப்யூட்டரில் மாதிரி போட்டுப் பார்த்து நிரந்தரமாகத் திறந்து வைக்க முடியாதா? (வாசகர், பொன்னேரி)

பதில்: ரொம்ப நாள் திறந்து வைக்கலாம். ஆனால் எவ்வளவு தோண்டுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அலைகள் கரையோரமாக மணலைத் தள்ளிவந்து வாயில் போடுகின்றன (நம் கரையில் வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக), ஏரிக்குள் ஏறி இறங்கும் கடல்நீர் அதை அரித்து வெளியேற்றுகிறது. சென்னைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 1 மீட்டர்தான் வித்தியாசம், அதனால் தண்ணீரின் கை இங்கே கொஞ்சம் இளைத்ததுதான்.

எஸ்காஃபியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-இல், வாயின் அளவு மாற மாற நீரின் வேகம் எப்படி மாறும் என்று ஒரு வளைகோடு வரைந்தார். வாய் ரொம்பக் குறுகலாக இருந்தால் உராய்விலேயே நீரின் வேகம் செத்துவிடும். அகலமும் ஆழமும் கூடக்கூட வேகம் ஏறும், ஓர் உச்சம் தொட்டபின், ஏரி முழுக்க நிரம்பி வடிய ஆரம்பித்துவிடுவதால், மறுபடி குறையும். மணலை அரிக்க விநாடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்தால், அந்த வேகத்தை வளைகோடு இரண்டு இடத்தில், அதாவது ஒரு சின்ன வாய் அளவிலும் ஒரு பெரிய வாய் அளவிலும், வெட்டும். அந்தச் சின்ன அளவைவிடக் குறைவாகத் தோண்டினால் மூடியே தீரும், அதைத் தாண்டித் தோண்டிவிட்டால் தண்ணீரே மிச்சத்தை அரித்துப் பெரிய அளவில் போய் நிற்கும். பணம் போதவில்லை என்று பாதியில் நிறுத்துகிற தூர்வாரல் மொத்தமாக வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, வாயை மட்டும் அளந்து மாதிரி போடக்கூடாது. உள்ளே ஏரி தூர்ந்து கிடந்தால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உள்ளே போகிற நீரே குறைந்துவிடும், அப்புறம் அரிக்க எது மிச்சம்? ஏரியின் ஆழம், ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம், அலை, மணலின் பருமன் எல்லாம் வேண்டும். நீர்மட்டத்தை மாதிரி நன்றாகவே சொல்லிவிடும், மணல் கணக்குதான் இரண்டு மூன்று மடங்குகூடத் தவறும்.

ஒடிசாவின் சிலிகா ஏரியில் மாதிரி ஆய்வுக்குப் பிறகு 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள், மீன்வரத்து பல மடங்கு கூடியது. அங்கும் 2008-இல் கடல் தானாகவே இன்னொரு வாய் திறந்தது.

கேள்வி: அப்போ தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டால்? (அதே வாசகர்)

பதில்: வாய் திறந்திருக்க உதவும். ஆனால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இப்படித்தான். சேரும் மணலை வாரி வடகரையில் கொட்டும் செலவையும் திட்டத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.