செப்டம்பரில் புக்கெட் போகலாமா?

கேள்வி: காலாண்டு விடுமுறையில், செப்டம்பர் கடைசி வாரம், குடும்பத்தோடு தாய்லாந்து போக நினைக்கிறோம். நான், மனைவி, 20 வயது மகன், 11 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. ஏஜென்ட் புக்கெட், கிராபி என்று ஐந்து நாள் பேக்கேஜ் சொல்கிறார். ஸ்பீடு போட்டில் ஃபி ஃபி தீவு, மாயா பே, இன்சூரன்ஸ் எல்லாம் அடக்கமாம். கம்போடியா எல்லைச் சண்டையைச் செய்தியில் பார்த்ததிலிருந்து மனைவி பயப்படுகிறார். "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார் ஏஜென்ட். போகலாமா, வேறு நாடு பார்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: நாட்டை மாற்ற வேண்டியதில்லை. ஊரை மாற்றுங்கள், புக்கெட்தான் வேண்டும் என்றால் மாதத்தை மாற்றுங்கள். உங்கள் மனைவி பயப்படுவது சரி. பயப்பட வேண்டிய இடம் மட்டும் வேறு.

முதலில் எல்லைச் சண்டை. 2025 ஜூலை 24 அன்று மூண்டு சில நாட்களில் நின்றது, டிசம்பரில் மறுபடி வெடித்தது. சண்டை நடந்ததும் மக்களை வெளியேற்றியதும் கிழக்கு எல்லையோர மாகாணங்களில்: உபோன் ராட்சதானி, சிசாகெட், சுரின், புரிராம், சா கேவ், சந்தபுரி, திராட். புக்கெட் இருப்பது எதிர்ப்பக்கம், அந்தமான் கடலோரம். திராட்டிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே உங்கள் பயணத்துக்கும் அந்தச் சண்டைக்கும் தொடர்பில்லை. கோ சாங், கோ கூட் தீவுகளுக்குப் போகிறவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும், அவை திராட் மாகாணத்தைச் சேர்ந்தவை. "பாங்காக்கிலிருந்து அப்படியே ரோட்டில் அங்கோர் வாட்டும் பார்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள், அந்தக் கோயில் இருப்பது கம்போடியாவில், ரோட்டில் போனால் அந்த எல்லையைத்தான் கடக்க வேண்டும். தெற்கே மலேசிய எல்லையை ஒட்டிய பட்டானி, யாலா, நராதிவாட் மாகாணங்களில் 2004 முதல் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்துவருகின்றன. அந்தப் பக்கமும் வேண்டாம்.

ஒரு நாடு பாதுகாப்பானதா என்று நாட்டின் பெயரை வைத்துக் கேட்டால் பதில் கிடைக்காது. மாகாணத்தின் பெயரையும் மாதத்தின் பெயரையும் வைத்துக் கேட்க வேண்டும். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் தங்கள் மக்களுக்கு நாடுவாரியாக, மாகாணவாரியாக எழுதி, எந்தப் பகுதிக்குப் போகக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கின்றன. நம்மிடம் அப்படி நிரந்தரமாகப் படிநிலை போட்ட பட்டியல் கிடையாது. ஏதாவது நடந்தபின் தூதரகம் சமூக வலைத்தளத்தில் ஒரு பதிவு போடும், அது கண்ணில் பட்டால் உண்டு. தாய்லாந்துக்கு மட்டும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்களை அனுப்பும் ஒரு நாட்டில், சொந்த மொழியில் ஒரு பக்கம் எழுதி வைக்க முடியாதா? அது வரும்வரை பிரிட்டிஷ் அரசின் பயண எச்சரிக்கைப் பக்கத்தைப் படியுங்கள், யாரும் படிக்கலாம். பாங்காக்கிலுள்ள இந்தியத் தூதரகத்தின் பதிவுகளைக் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள்.

இப்போது உங்களுடைய உண்மையான ஆபத்து: கடல். தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் அக்டோபர் வரை புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கக் கரையை நேராக அடிக்கிறது. செப்டம்பர், அக்டோபர்தான் புக்கெட்டில் மழை மிகுந்த மாதங்கள். பாடோங், கரோன், கட்டா என்று விளம்பரத்தில் வரும் கடற்கரைகள் அனைத்தும் மேற்கு பார்த்தவை. அங்கே சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட மகளை இறக்காதீர்கள். காரணம் அலை மட்டும் இல்லை. கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் சற்றுக் கருமையாக, அமைதியாகத் தெரியும். 'இங்கே அலை இல்லை, குழந்தைகள் குளிக்கட்டும்' என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது, எவ்வளவு பலசாலியும் களைத்துவிடுவார். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பாதையிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் குளத்தில் கற்ற நீச்சலை நம்பி மகனை விடாதீர்கள்.

படகும் அப்படித்தான். 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு புயல் அலையில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள், அனைவரும் சீனச் சுற்றுலாப் பயணிகள். கடல் கொந்தளிக்கும் என்று வானிலைத் துறை முன்பே எச்சரித்திருந்தது. பருவக்காற்று மாதத்தில் ஸ்பீடு போட் அலை மேல் ஏறி ஏறி விழும். முன்பகுதியில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகெலும்பில் அடிபடுவது அப்படித்தான். 68 வயது அம்மாவை அதில் ஏற்றவே கூடாது. மற்றவர்கள் ஏறினால் பின்பக்கம், நடுவில் உட்காருங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் போட்டுக் கட்டுங்கள், மகளுக்குச் சிறுவர் அளவு கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஏஜென்டைப் பற்றி எனக்கு ஒரே வரியில் தெரிந்துவிட்டது. மாயா பே ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை மூடப்படுகிறது, பவளப்பாறைகள் மீள்வதற்காக. மூடிய கடற்கரையை உங்களுக்கு விற்கிறார். தெரியாமல் விற்றால் அவர் அந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை, தெரிந்து விற்றால் சொல்லவே வேண்டாம். புக்கெட்டிலிருந்து படகில் கூட்டிப்போகும் சிமிலன் தீவுகளும் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படும். செப்டம்பரில் புக்கெட்டை வலிந்து தள்ளுவதற்குக் காரணம், அப்போது ஹோட்டல் வாடகை பாதியாக இறங்கிவிடும், பேக்கேஜ் விலையோ அப்படி இறங்காது. இடைவெளி யாருக்குப் போகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தை மாற்ற முடியாது என்றால் கோ சமுய் போங்கள். அது தாய்லாந்து வளைகுடாப் பக்கம், மழைக்காலமே வேறு. அங்கே அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பரில்தான் கொட்டும். அங்கே கவனிக்க வேண்டியது பெட்டி ஜெல்லி மீன் (கடும் விஷமுள்ள இழுதுமீன்). உடலை முழுக்க மறைக்கும் நீச்சல் உடையை மகளுக்குப் போடுங்கள். கொட்டினால் தேய்க்காதீர்கள், குடிநீர் ஊற்றாதீர்கள். அரை நிமிடம் விடாமல் வினிகர் ஊற்றுங்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சமுயிலும் பக்கத்துத் தீவான பங்கானிலும் கடற்கரைகள் பலவற்றில் கம்பத்தில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். புக்கெட்தான் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை போங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். "அடக்கம்" என்று சொல்லி ஏஜென்ட் கொடுப்பது பெரும்பாலும் இருப்பதிலேயே மலிவான பாலிசி. பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக விண்ணப்பத்தில் அம்மாவுக்கு 'நோய் எதுவும் இல்லை' என்று அவரே டிக் அடித்துவிடுவார், நீங்கள் அந்தத் தாளைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். மருத்துவமனையில் சேர்த்ததும் கம்பெனி பழைய மருந்துச் சீட்டைக் கேட்கும். மறைத்தது தெரிந்தால் ஒரு ரூபாய் வராது. சர்க்கரையோடு சம்பந்தமே இல்லாத எலும்பு முறிவுக்குக்கூட இழுத்தடிப்பார்கள்.

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பயணக் காப்பீடு கிடையாது என்பது பொது விதி. விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். நோயை முன்பே தெரிவித்திருந்தால், அந்த நோயால் உயிருக்கே ஆபத்து வரும்போது சில பாலிசிகள் பணம் தரும். அம்மாவுக்கு அங்கே மாரடைப்பு வந்தால், உயிர் காப்பாற்றி நிலை சீராகும்வரை ஆகும் செலவு அதில் அடங்கும். மாத்திரை தவறி சர்க்கரை ஏறியதற்காக டாக்டரைப் பார்த்தால் அடங்காது. நிலை சீரான பிறகு 'இங்கேயே முழு சிகிச்சையும் முடித்துவிடலாம்' என்றால் அதுவும் அடங்காது. இதற்குத் தனி உச்சவரம்பும் இருக்கும்: பாலிசி 50,000 டாலர் என்று அட்டையில் இருந்தாலும், இந்தப் பிரிவில் அதில் ஒரு சிறு பகுதிதான் கொடுப்பார்கள். 60 வயது தாண்டியவர்களுக்கு அறை வாடகை, ஐசியூ, அறுவை சிகிச்சைக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு போடும் பாலிசிகளும் உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்த வரம்புகளை உயர்த்தும் திட்டங்கள் இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே ஏஜென்டின் இன்சூரன்ஸை வேண்டாம் என்று சொல்லி அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் நீங்களே உட்கார்ந்து வாங்குங்கள், இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் எழுதுங்கள். விளம்பரத் தாளைப் படிக்காமல் முழு விதிமுறைகள் உள்ள கோப்பைக் கேட்டு வாங்கி, மேற்சொன்ன வரம்புகளை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பு பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிரீமியம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி மட்டும் தமிழில் வரும். அங்கே மருத்துவமனையில் சேரும் முன்பே பாலிசியில் உள்ள அவசர உதவி எண்ணுக்குப் போன் போட வேண்டும். அவர்கள் உறுதி கொடுக்காவிட்டால் தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்கும். அம்மாவின் மாத்திரைகள் அட்டையோடு, மருந்துச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போடாதீர்கள்.

மகன் விஷயம். அந்த ஊர்களில் தெருவுக்குத் தெரு ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், லைசென்ஸ் கேட்கவே மாட்டார்கள். தாய்லாந்தில் சாலையில் சாகிறவர்களில் பெரும்பாலோர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். நம் ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி (கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும்) வேண்டும், அதில் மோட்டார் சைக்கிள் பிரிவு இருக்க வேண்டும். கார் லைசென்ஸ் மட்டும் வைத்து எடுத்த அனுமதியில் ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். என் கருத்து, வண்டியே வேண்டாம். எதை வாடகைக்கு எடுத்தாலும் அடமானமாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஜெட் ஸ்கீயைத் திருப்பித் தரும்போது 'கீறல் விழுந்தது' என்று ஆயிரக்கணக்கான பாட் (தாய்லாந்துப் பணம்) கேட்பது பழைய மோசடி, அந்தச் சவாரியையே தவிருங்கள். இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம், மகனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று, அவன் வயதுக்காரர்களுக்கு. "பாங்காக் டிக்கெட் இலவசம், திரும்பும்போது ஒரு சாமான் பெட்டி கொண்டுவந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அது கஞ்சா. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் உயர் ரகக் கஞ்சாவைச் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது, சிறைக்குப் போவது பெட்டி தூக்கியவர். "தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை" என்றால் எல்லையோரத் தாய்லாந்து ஊரான மே சோட் வழியாக மியான்மரின் மியாவடிக்குக் கடத்தி இணைய மோசடி செய்ய வைப்பார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானம் மே சோட் போய் முதல் தவணையில் 283 இந்தியர்களை மீட்டு வந்தது. அனுப்பி வைத்த தரகர்களில் எத்தனை பேர் இன்னும் கடை திறந்து வைத்திருக்கிறார்களோ!

தாய்லாந்துக்குள் நுழையும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். ஏஜென்டும் போலி இணையதளங்களும் இதற்குக் காசு கேட்பார்கள். இணைய முகவரி 'டாட் ஜிஓ டாட் டிஎச்' (.go.th) என்று முடிகிறதா பாருங்கள். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பலாம், ஐந்து பேருக்கும் தனித்தனியாக. சுற்றுலா போலீஸ் எண் 1155, ஆம்புலன்ஸ் 1669. இரண்டையும் அம்மா, மகள் உட்பட எல்லோருடைய போனிலும் சேமித்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் நுழைந்ததும் தாய் மொழியில் முகவரி அச்சிட்ட அட்டையை ஆளுக்கொன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.