வாசகர் கேள்வி பதில்: முழங்கால் வலிக்காத மிலிட்டரிக்காரர்

கேள்வி: மகளைக் கொன்றவர்களை 60 வயது எக்ஸ் சர்வீஸ்மேன் தேடித் தேடிப் பழிவாங்குகிற படம் பார்த்தோம். “பட்டாலையில் (வீட்டுக்குள் இருக்கும் மேடை) இருந்து வளவுக்கு (உள்முற்றம்) இறங்கவே நான் தூணைப் பிடிக்க வேண்டியிருக்கு, இவன் மொட்டை மாடி விட்டு மொட்டை மாடி தாண்டுறானே” என்கிறார் என் அப்பச்சி (அப்பா). இதெல்லாம் நடக்கிற காரியமா?
(வாசகி, பள்ளத்தூர்)

அப்பச்சி பக்கம்தான் நானும். 2022-க்கு முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் 15, 17 வருஷம் சர்வீஸ் போட்டுவிட்டு 40 வயதுக்குள் பென்ஷனோடு ஊருக்கு வந்துவிடுகிறார்கள், அப்புறம் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார்கள். ஆக 60 வயதில் பழிவாங்கக் கிளம்புகிறவர் பரேடு கிரவுண்டைப் பார்த்தே 20 வருஷம் ஆகியிருக்கும். போகும்போது ராணுவத்துத் துப்பாக்கியை யாரும் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. சொந்தத் துப்பாக்கி என்றால் லைசென்ஸ் எடுக்க வேண்டும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஆனால் படத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு பட்டாளத்துக்கே காணுகிற சாமான்! எங்கள் தெரு ஹவில்தாரின் பெட்டியை நான் திறந்து பார்த்திருக்கிறேன். கறுப்புப் பெயின்ட், மேலே வெள்ளையில் அவர் நம்பர், உள்ளே கம்பளி, டிஸ்சார்ஜ் புக், கேன்டீன் கார்டு, நாலு அந்துருண்டை. அவ்வளவுதான்.

இந்த வரிசையில் நான் நம்புகிற ஒரே கிழவர் 1996-ல் வந்த ‘இந்தியன்’ சேனாபதி. ஐ.என்.ஏ.காரர், அதாவது இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். நேதாஜி சிங்கப்பூர் வந்து அந்தப் படைக்குத் தலைமை ஏற்றது 1943-ல், அப்போது இவருக்கு 20 வயது என்று வைத்தாலும் படம் வரும்போது 70 தாண்டியிருக்கும் (நடித்த கமலுக்கு அப்போது 41). பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போய், 1942-ல் ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஆள் அந்நியமாகத் தெரியவில்லை. தீக்காயத்தோடு மகள் துடிக்கையில் லஞ்சத்துக்குக் கை நீட்டிய டாக்டரை டி.வி. நேரலையில் வைத்து முடிக்கிறார், கையில் துப்பாக்கி கிடையாது, கத்தியும் வர்மமும்தான். அந்த வயதில் விரலை நம்பியது புத்திசாலித்தனம், முழங்காலை நம்பியிருந்தால் இடைவேளைக்கு முன்பே படம் முடிந்திருக்கும்.

கேள்வி: இந்தப் படங்களில் மகள் மட்டும் ஏன் 20 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறாள்?
(வாசகி, தேவகோட்டை)

எனக்கும் இதுதான் எரிச்சல். ஒரு பிறந்தநாள் கேக், அப்பாவின் மீசையை இழுத்து ஒரு சிரிப்பு, ஸ்கூட்டியில் டாட்டா, முடிந்தது. அதற்கப்புறம் அவள் சுவரில் மாலை போட்ட போட்டோ. அவளுக்கு என்ன பிடிக்கும், அப்பாவோடு எதற்குச் சண்டை போடுவாள், ஒன்றும் தெரியாது. தெரியாத பெண்ணுக்காக இரண்டு மணி நேரம் ரத்தம் சிந்தினால் எனக்கு எப்படி வலிக்கும்? 1994-ல் வந்த ‘மகாநதி’ அப்பா ராணுவமும் இல்லை, கிழவரும் இல்லை. கல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியிலிருந்து மகளை மீட்டுக்கொண்டு வந்தபிறகு அந்தப் பெண் தூக்கத்தில் பிதற்றுகிறாள், அப்பா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு அவர் யாரை என்ன செய்தாலும் நமக்குக் காரணம் கேட்கத் தோன்றாது. 2024-ல் ‘மகாராஜா’ (பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்) இன்னும் ஒரு படி மேலே போனது. அப்பா சலூன் கடைக்காரர், ஆனால் கெடுதல் செய்தவன் முகத்துக்கு நேரே நின்று பேசுவது அந்த மகள்தான். மகளைப் பேச விட்டால் அப்பாவுக்குச் சண்டைக் காட்சி குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்களோ என்னவோ.

கேள்வி: நம் செட்டிநாட்டு வீடுகளில் சண்டைக் காட்சி எடுக்கிறார்களே, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் உடையாதா?
(வாசகர், ஆத்தங்குடி)

உங்கள் ஊர்க் கல்லைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்களே! கண்ணாடி மேல் கலவை ஊற்றி வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது, வழுவழுப்பாக இருக்கும், இரும்பு விழுந்தால் தாங்காது. அதனால் பாய் விரித்துத்தான் உருளச் சொல்ல வேண்டும். எனக்கு வேறு வருத்தம். பர்மாத் தேக்குத் தூணும் வளவும் திரையில் தெரிந்தாலே அது வில்லன் வீடு. ஒரே ஒரு படத்திலாவது அந்தப் பழிவாங்குகிற கிழவர் நம் முகப்புத் திண்ணையில் குடியிருக்கக் கூடாதா?

கேள்வி: நான் ராணுவத்தில் சிக்னல்ஸில் (தகவல் தொடர்புப் பிரிவு) 22 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிப் படம் பார்த்துவிட்டு என் பேரன், “நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க ஐயா?” என்று கேட்கிறான். யாரையும் சுடவில்லை என்றால் முகம் தொங்கிப் போகிறது. என்ன சொல்ல?
(வாசகர், கானாடுகாத்தான்)

பொய் மட்டும் சொல்லாதீர்கள் ஐயா, நாளைக்கே பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும். அடுத்த முறை படம் ஓடும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஹீரோ காதில் கை வைத்து “ஓவர், ஓவர்” என்பான் இல்லையா, அந்தச் சத்தம் மறுமுனைக்குப் போய்ச் சேர யாரோ ஒருவன் வயர்லெஸ் செட்டையும் பேட்டரியையும் முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறியிருக்க வேண்டும், அந்த ஆள் நான்தாண்டா என்று சொல்லுங்கள்.