கீயைத் தட்டினேன், சத்தம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

கே: ரிசப்ஷன் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். இப்போது கீபோர்டை லேப்டாப்பில் மாட்டி, பியானோ, வயலின் எல்லாம் சாஃப்ட்வேரிலிருந்து எடுக்கிறேன். ஆனால் சத்தம் பிந்தி வருகிறது, பேடு வாசிப்பவர் திரும்பித் திரும்பி முறைக்கிறார். ரேம் ஏற்றுங்கள், இல்லையென்றால் புது லேப்டாப் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடவா?
– மெல்லிசைக் குழுக் கலைஞர், குடியாத்தம்

ப: வேண்டாம், காசை எடுத்து உள்ளே வையுங்கள். ரேம் கூடினால் பெரிய பியானோ ஒலிப்பதிவுகளை ஏற்ற இடம் கிடைக்கும், தாமதம் அப்படியேதான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கிற இடம் பஃபர், அதாவது சத்தத்தைச் சேர்த்து வைக்கிற தற்காலிகக் கிடங்கு. காட்பாடி ஸ்டேஷன் வாசல் ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பாமல் கிளம்பாது இல்லையா, கம்ப்யூட்டரும் இத்தனை சாம்பிள் (சத்தத்தின் சின்னச் சின்னத் துணுக்கு) சேரட்டும் என்று பிடித்து வைத்திருந்துதான் சத்தத்தை வெளியே விடுகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில், பஃபர் 1024 என்றால் அந்தக் காத்திருப்பு மட்டுமே 23 மில்லிசெகண்ட். 256 என்றால் 6க்குக் கொஞ்சம் கீழே, 128 என்றால் 3. இறக்க இறக்க பிராசசருக்கு அவசரம் கூடும், ஒரு கட்டத்தில் சத்தம் கரகரக்கும்.

பஃபரைத் தொடுவதற்கு முன் டிரைவரை, அதாவது சவுண்ட் கருவியோடு கம்ப்யூட்டரைப் பேச வைக்கிற சாஃப்ட்வேரைப் பாருங்கள். விண்டோஸில் சாதாரண வழியில் போனால், எல்லா புரோகிராம்களின் சத்தத்தையும் கலக்குகிற மிக்சர் நடுவில் நின்று தன் பங்குக்கும் காக்க வைக்கும். ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் கம்பெனி தொண்ணூறுகளில் கொண்டுவந்த ஆசியோ, அந்த மிக்சரைத் தொடாமல் போகிற குறுக்கு வழி. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கிற பெட்டி) வைத்திருந்தால் அதைத் தயாரித்த கம்பெனியே தரும் ஆசியோ டிரைவரைப் போடுங்கள், இல்லையென்றால் ஆசியோ ஃபார் ஆல் இலவசமாகவே கிடைக்கிறது. 256ல் ஆரம்பித்து இறங்குங்கள், கரகரப்பு வந்தால் ஒரு படி மேலே ஏறி நின்றுவிடுங்கள். அப்புறம், மாஸ்டரில் (எல்லாச் சத்தமும் சேர்ந்து வெளியேறும் கடைசிச் சேனலில்) சத்தம் எகிறுவதை முன்கூட்டியே பார்த்து அடக்குகிற லிமிட்டர் ஏதாவது போட்டிருந்தால் கச்சேரியில் அதை எடுத்துவிடுங்கள், அதுவும் சத்தத்தைப் பிடித்து வைக்கிற பேர்வழிதான்.

எல்லாப் பழியும் லேப்டாப்புக்கு இல்லை. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். உங்கள் வாசிப்பை உங்களுக்கே கேட்க வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் மேடையின் மறுகோடியில் 6 மீட்டர் தள்ளி இருந்தால் 17 மில்லிசெகண்டுக்கு மேல் அங்கேயே போச்சு. நீங்கள் பஃபரை 128லிருந்து 64க்கு இறக்கிப் படாதபாடு பட்டு மிச்சம் பிடிப்பது ஒன்றரை மில்லிசெகண்ட். ஸ்பீக்கரைக் காலடிக்கு இழுத்துப் போடுங்கள், செலவே இல்லை.

கே: ஜனவரியில் பஃபர் 128ல் ஓடிய அதே லேப்டாப் மே மாதம் டப் டப் என்று வெடிக்கிறது. வைரஸா?
– சத்துவாச்சாரி வாசகர்

ப: அநேகமாக வெயில்தான். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 48,000 சாம்பிள் கணக்கில் பஃபர் 128 என்றால் 2.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும், ஒரு தடவை தவறினாலும் காதில் விழும். நம்ம ஊர் மே மாதத்தில், ஏசி இல்லாத மொட்டை மாடி அறையில், மெத்தைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வைரஸைத் தேடாதீர்கள். ஃபேன் தூசியைச் சுத்தம் செய்யுங்கள், அடியில் காற்று போகும்படி தூக்கி வையுங்கள், சார்ஜரில் போட்டே வாசியுங்கள், ஏனென்றால் பேட்டரியில் ஓடும்போதும் வேகம் குறையலாம். அப்படியும் வெடித்தால் வைஃபையை அணைத்துப் பாருங்கள், அதன் டிரைவர் நடுவில் புகுந்து குறுக்கே நிற்பது உண்டு. எந்த டிரைவர் குற்றவாளி என்று லேட்டன்சிமான் என்ற இலவச சாஃப்ட்வேர் காட்டிக் கொடுக்கும். கோடை முடியும்வரை 256ல் இருந்தாலும் குடி முழுகாது, 5.3 மில்லிசெகண்ட்தான்.

கே: சர்ச் கொயர் பாட்டைப் பதிவு செய்கிறோம். பாடுகிறவர்களுக்கு ஹெட்போனில் தங்கள் குரலே எதிரொலி மாதிரி பின்னால் வருகிறதாம்.
– ஆம்பூர் வாசகி

ப: குரல் மைக்கிலிருந்து உள்ளே போக ஒரு பஃபர், வெளியே வர இன்னொன்று, அதனால் கீபோர்டைவிட இது மோசம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டனோ திருகோ இருக்கும், அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். சாஃப்ட்வேரில் குரல் பதிவாகும் டிராக்கின் மானிட்டர் பட்டனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து கேட்கும். ஹெட்போன் புளூடூத் என்றால் மேலே சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாது, அதிலேயே 100, 200 மில்லிசெகண்ட் போய்விடும். வயர் வைத்ததே வாங்குங்கள்.