கடைசல் உளி: கார்பைடா, எச்.எஸ்.எஸ்ஸா?

கேள்வி: பணி ஓய்வு பெற்றபின் வீட்டில் சிறிய மர லேத் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். நாற்காலிக் கால், கிண்ணம், பேரப்பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான் ஆகியவற்றைக் கடைய ஆசை. கார்பைடு முனை உளிகளுக்குச் சாணையே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். பட்டறைக்காரர் ஒருவரோ எச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகு (ஹை ஸ்பீடு ஸ்டீல்) உளியைத்தான் வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?
– வாசகர், தென்காசி

பதில்: நாற்காலிக் காலும் உங்கள் பட்டியலில் இருப்பதால் எச்.எஸ்.எஸ். உளியையே முதலில் வாங்குங்கள். அந்த உளியின் சாணை பிடித்த சரிவுப் பகுதியைச் சுழலும் மரத்தின்மேல் படியவைத்து, கைப்பிடியை மெல்ல உயர்த்தினால், கூர்முனை நாரை அறுத்து நீண்ட சீவலாக எடுக்கும். பரப்பும் வழவழப்பாக அமையும். கார்பைடு உளியை மரத்தின் மைய உயரத்தில் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். அது பெரும்பாலும் சுரண்டியே மரத்தை எடுப்பதால், மென்மரங்களில் நார் பிய்ந்து, பிறகு உப்புத்தாளோடு நெடுநேரம் போராட நேரும். பிடிக்கும் முறை எளிது என்பதால் புதியவர்களுக்கு அது ஒரே நாளில் கைவந்துவிடும் என்பது உண்மைதான்.

கார்பைடின் பலம் அதன் கடினம். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்டால் பிணைத்துச் செய்யப்படும் அம்முனை, சிலிக்கா கலந்திருப்பதால் உளியை விரைவில் மழுக்கும் தேக்கிலும் நெடுநேரம் தாங்கும். மழுங்கினால் திருகைத் தளர்த்தி முனையைச் சற்றுத் திருப்பிவிடலாம். சதுர முனைக்கு நான்கு விளிம்புகள் உண்டு. ஆனால் தரையில் தவறி விழுந்தால் விளிம்பு உடைந்துபோகும்.

எச்.எஸ்.எஸ். எஃகில் பரவலாகக் கிடைக்கும் எம்2 வகையில் ஏறத்தாழ 6 சதவீதம் டங்ஸ்டன், 5 சதவீதம் மாலிப்டினம், 4 சதவீதம் குரோமியம், 2 சதவீதம் வனேடியம் கலந்திருக்கும். சாதாரணக் கார்பன் எஃகு 200 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே பதம் இழக்கத் தொடங்கும். எம்2 ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்கும். ஆகவே சாணையில் முனை நீலம் பாய்ந்தாலும் பதற வேண்டாம். சூட்டோடு தண்ணீரில் முக்கினால் நுண்விரிசல் விழலாம் என்பதால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சாணைக்கு 150 மி.மீ. கிரைண்டரும், வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லும் போதும். இந்தச் செலவை உளியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைக்காரர் சுட்டிக்காட்டும் சிக்கனம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

காலைக் கடைய அகலமான குழி உளி, கிண்ணத்துக்குத் தடித்த தண்டுடைய கிண்ண உளி, துண்டிக்க ஒரு பார்ட்டிங் உளி ஆகிய மூன்றும் தொடக்கத்துக்குப் போதும். முதலாவதைக் கிண்ணத்தில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மரத்தில் மாட்டிக்கொண்டு இழுத்தால், கைப்பிடிக்குள் செல்லும் அதன் மெல்லிய வால் முறிந்து உளி பறந்துவரும். மூடியுள்ள சொப்புகளின் உட்புறத்தைக் குடைய, பின்னாளில் வட்டக் கார்பைடு முனை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அந்த வேலைக்கு அது நன்றாகவே உதவும்.

கேள்வி: உலோக லேத்துக்கான கார்பைடு முனைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை இரும்புத் தண்டில் திருகி மரம் கடையலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: பெரும்பாலானவை பொருந்தா. உலோகத்தின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அவற்றின் விளிம்பு சற்றே மழுக்கப்பட்டு, பூச்சும் இடப்பட்டிருக்கும். மரத்துக்கோ மெருகேற்றிய கூரான விளிம்பு வேண்டும். மரக் கடைசலுக்கென்றே வரும் தட்டையான முனைகளை வாங்கினால், மழுங்கியபின் அவற்றின் மேற்பரப்பை வைரத் தகட்டில் தேய்த்து மேலும் சில காலம் ஓட்டலாம். பழைய அரத்தை உளியாக்கும் வழக்கத்தையும் சிலர் கைவிடவில்லை. அரம் எளிதில் நொறுங்கும் எஃகு என்பதால், சுழலும் மரத்தில் அது துண்டாகித் தெறிக்கும் ஆபத்து உண்டு.