பேஸ்பாலில் ஒரு மாதம் வெளுத்துக் கட்டி மறுமாதம் தடவும் பேட்டரைவிட ஒரே சீராக ஆடுபவர் மேலா?

சீசன் முடிவில் இருவர் கணக்கும் ஒன்றாக இருந்தால் இருவரையும் ஒரே தட்டில்தான் வைப்பேன். பல வருடமாக அமெரிக்க பேஸ்பாலைக் கண்விழித்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் மூன்றே நாளில் "ஆள் ஃபார்ம் அவுட்" என்று முடிவு கட்டிவிடுவேன். என்னை மாற்றியது ஒரு சீட்டுக் குலுக்கல்.

பத்துத் துண்டுக் காகிதம், அதில் மூன்றில் மட்டும் 'ஹிட்' என்று எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டேன். ஹிட் என்றால் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்கு ஓடிச் சேர்வது. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட், அதாவது .300 சராசரி வைத்திருக்கும் நல்ல பேட்டர் என்றால் இதுதான். ஒன்றை எடுத்து, நோட்டில் குறித்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, இப்படி 100 தடவை. நடுவில் தொடர்ந்து 12 தடவை வெற்றுச் சீட்டு! ஆட்டத்துக்கு நாலு வாய்ப்பு என்று வைத்தால், மூன்று ஆட்டம் ஒரு ஹிட்கூட இல்லாமல் போன மாதிரி. டம்ளருக்கு மனச்சோர்வும் கிடையாது, தோள்வலியும் கிடையாது. கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வருகிறது: மாதம் 100 வாய்ப்பில் 30 ஹிட் வரவேண்டியவருக்கு, நாலு மாதத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் 25க்குக் கீழோ 35க்கு மேலோ போகும். அவர் ஆட்டம் துளியும் மாறியிருக்காது.

1941-இல் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்தார். இன்றுவரை யாரும் தொடாத சாதனை. அந்த நாட்களில் அவர் சராசரி .408. அதே நாட்களில் இன்னொரு பேட்டர் டெட் வில்லியம்ஸ் .412! ஆட்டத்துக்கு ஆட்டம் ஹிட் விழுந்த வரிசைதான் வேறு. நான் அந்த வருடத்துக்கு வில்லியம்ஸைத்தான் எடுப்பேன், 147 வாக் (நாலு பந்து தப்பாக வந்தால் அடிக்காமலே கிடைக்கும் முதல் பேஸ்) வேறு வாங்கியிருக்கிறாரே.

அதனால் ஒருவர் தடவும்போது சராசரியைப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது) கூடுகிறதா, வாக் குறைகிறதா என்று பாருங்கள். 2015 முதல் எல்லா மைதானங்களிலும் பந்து பேட்டை விட்டுப் பறக்கும் வேகத்தை அளக்கிறார்கள். மணிக்கு 95 மைலுக்கு மேல் அடித்தும் பந்து நேராக ஃபீல்டர் கைக்கே போகிறதென்றால் பொறுத்திருக்கலாம்.

தமிழில் எழுதினால் பெயர் ஒன்றாகிவிடும் இரண்டு கிரிஸ் டேவிஸ்கள் இருந்தார்கள். ஒருவர் 2015 முதல் 2018 வரை நான்கு சீசனிலும் அச்சுப் பிசகாமல் .247. முதல் சீசன் மில்வாக்கியில், மற்ற மூன்றும் ஓக்லாந்தில். ஒரு வாரம் மாற்றி ஒரு வாரம் அவரைத் திட்டியவன் நான். 2018-இல் 48 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) அடித்து எல்லாரையும் முந்தினார்.

பால்டிமோர் அணியில் ஆடிய இன்னொரு டேவிஸ் கதை வேறு. 2013-இல் 53 ஹோம் ரன் அடித்தவர், 2018 செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரல் வரை 54 வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை. அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன்பே, 2018 முழுக்க .168 சராசரி, 192 ஸ்ட்ரைக் அவுட்.